அயாக்ஸை அடக்கம் செய்தவர்கள்



பிரான்சின் வடகரையில் புலோன் சுர் மேர் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அதன் பழைய கோட்டை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. கி.மு. 530 அளவில் ஏதென்ஸ் நகரின் எக்செக்கியாஸ் என்னும் கலைஞர் தீட்டிய மட்பாண்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஒரு வீரன் தனியே குனிந்திருக்கிறான். தன் வாளை முனை மேல்நோக்க மண்ணில் நட்டு, அது சாயாதபடி அடிமண்ணைக் கையால் தட்டி இறுக்குகிறான். நாற்றுக்கு மண் அணைக்கும் உழவனுக்குரிய பொறுமை அவன் கைகளில் இருக்கிறது. நெற்றியில் சுருக்கங்கள். எதிரே அவனுடைய கேடயமும் தலைக்கவசமும் ஆளின்றிக் கிடக்கின்றன. அவன்தான் அயாக்ஸ். திராய் நகரப் போரில் கிரேக்கர் பக்கத்தில் அக்கிலீசுக்கு அடுத்த பெருவீரன்.

அதே எக்செக்கியாசின் இன்னொரு பாண்டம் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. (உரோமைக்குத் திருயாத்திரை செல்வோர் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு ஓடும் அவசரத்தில் இதைத் தவறவிட வேண்டாம்.) அதில் அக்கிலீசும் அயாக்சும் போரின் இடைவேளையில் எதிரெதிரே அமர்ந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். விழுந்த எண்ணை அவர்கள் சொல்வதாக வாயருகே எழுத்துகள் உள்ளன. அக்கிலீஸ் நான்கு என்கிறான். அயாக்ஸ் மூன்று என்கிறான். இரண்டு பாண்டங்களையும் சேர்த்து எண்ணும்போது, அந்தச் சிறிய குறைவுகூட நம்மை உறுத்துகிறது.

கதை இதுதான். அக்கிலீஸ் மாண்டபின் அவனுடைய கவசங்கள் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. தலைவர்கள் அவற்றை ஒடிசியசுக்குக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்காகப் போர்முனையில் நின்ற அயாக்சுக்கு அந்த அவமதிப்பைத் தாங்க முடியவில்லை. இரவில் தலைவர்களைக் கொல்லப் புறப்பட்டவனின் அறிவை அத்தேனாத் தெய்வம் மயக்கியது. படையின் ஆடுமாடுகளையே பகைவரென்று எண்ணி வெட்டிக் குவித்தான். தெளிந்தபோது இரத்தத்தின் நடுவே இருந்தான்.

இதை நாடகமாக்கிய சோஃபக்கிளீஸ் ஏட்டறிவால் மட்டும் போரை அறிந்தவர் அல்லர். கி.மு. 441/440இல் ஏதென்ஸின் படைத்தலைவர்களுள் ஒருவராகப் பெரிக்கிளீசுடன் பணியாற்றியவர். அரங்கில் அமர்ந்திருந்த ஆண்களிற் பெரும்பாலோர் வேலும் துடுப்பும் பிடித்த குடிபடையினர். அந்த விழாவில் நாடகங்களுக்கு முன்னர், போரில் இறந்தவர்களின் பிள்ளைகள், நகரத்தின் செலவில் வளர்ந்தவர்கள், கவசம் தரித்து மக்கள்முன் நடந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின்முன் ஒரு பெருவீரனின் மனம் உடைவதைக் காட்டத் துணிந்திருக்கிறார்.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், பிரையன் டோரிஸ் என்னும் அமெரிக்க நாடக இயக்குநர் இந்நாடகத்தை எளிய ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2008இல் சான் டியாகோவில் ஏறத்தாழ 400 கடற்படைக் காலாட்படையினரும் அவர்களது துணைவியரும் கூடியிருந்த மண்டபத்தில் அது வாசிக்கப்பட்டது. ஒப்பனை இல்லை, அரங்கமைப்பு இல்லை. நடிகர்கள் மேசையருகே இருந்து வாசித்தார்கள். முக்கால் மணி நேரத்துக்கெனத் திட்டமிடப்பட்ட கலந்துரையாடல் மூன்று மணி நேரத்தையும் தாண்டியது. முதலில் பேச எழுந்தவர் ஒரு வீரரின் மனைவி. அயாக்சின் மனைவி டெக்மெஸ்ஸா விவரித்த வீடு தன்னுடைய வீடுதான் என்று சொன்னார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே நிதி கொடுத்து, படைமுகாம்கள் பலவற்றில் இதை வாசிக்கச் செய்தது.

ஜெர்மனியிலுள்ள ஒரு முகாமில் நிகழ்ந்ததாக டோரிஸ் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது. இந்நாடகத்தைச் சோஃபக்கிளீஸ் ஏன் எழுதியிருப்பார் என்று அவர் கேட்டார். கீழ்நிலைச் சிப்பாய் ஒருவர், படையினரின் மனவுறுதியை உயர்த்துவதற்காக என்றார். வீரன் தன்னையே மாய்த்துக்கொள்ளும் கதையில் என்ன மனவுறுதி என்று டோரிஸ் வியந்தார். இது உண்மை, இதை நாம் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்கிறோம் என்று அந்தச் சிப்பாய் பதில் சொன்னார்.

ஆனால் ஒரு குருவானவனாக என்னைப் பிடித்துவைத்திருப்பது நாடகத்தின் பிற்பகுதி. அயாக்ஸ் இறந்தபின்னும் நாடகம் முடிவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சமிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் ஒரே வழக்கு: இவனை அடக்கம் செய்யலாமா, கூடாதா? இவன் துரோகி, பறவைகளுக்கு இரையாகட்டும் என்கிறார்கள் மெனலாசும் அகமெம்னோனும். சிலர் இப்பகுதியை நாடகத்தின் தொய்வு என்பார்கள். அடக்கத்துக்காக ஒருவரிடம் கெஞ்சி நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நம் திருச்சபையும் இவ்விடத்தில் கடுமையாக இருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெரிந்து துணிந்து தம் உயிரை மாய்த்தோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இன் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. இருந்தும் பழைய சட்டம் நம் மக்களின் வாயில் இன்னும் உயிரோடிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் திருப்பலி முடிந்தபின் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, “சுவாமி, அவருக்குப் பூசை ஒப்புக்குடுக்க ஏலுமோ?” என்று கேட்டார். அவருடைய கணவர் போராடியவர். எந்தப் பக்கம் என்பது இங்கே வேண்டாம். போர் முடிந்து பல ஆண்டுகளின்பின், இந்தக் குளிர்நாட்டில், அவர் தாமே போய்விட்டார். சேமக்காலையில் நின்றவர்கள் ஒன்பதுபேர் என்று அந்தத் தாயார் எண்ணி வைத்திருந்தார்.

நாடகத்தில் அயாக்சுக்காக வாதாட வருபவன் யார் தெரியுமா? ஒடிசியஸ். கவசங்களைப் பெற்றவன், அந்த இரவில் அயாக்ஸ் தேடிச் சென்ற பகைவன். அவனே அகமெம்னோன்முன் நின்று, இவன் என் பகைவன், ஆயினும் பெருவீரன், இவனை மண்ணுக்கு மறுப்பது அறமன்று என்று வாதிட்டு வெல்கிறான். குழி தோண்டவும் கை தருவேன் என்கிறான். அயாக்சின் தம்பி டியூசர் நன்றி சொல்கிறான். ஆனால் உடலைத் தொட மட்டும் விடவில்லை. இறந்தவனுக்கு அது பிடிக்காமற் போகலாம் என்று தயங்குகிறான். அதற்கு ஒடிசியஸ் வாதம் செய்யாமல் விலகிப்போகிறான்.

பின்னர் டியூசர் அயாக்சின் சிறுமகனை அழைக்கிறான். உடலிலிருந்து இன்னும் குருதி வடிகிறது. உன்னால் இயன்ற அளவு பலத்தோடு தந்தையைத் தூக்க எனக்குக் கை கொடு என்கிறான்.