இரண்டு நாளும் இரண்டு கரையும்



ஐரோப்பாவின் பழந்தலைநகரம் ஒன்றை வார இறுதியின் இரண்டு நாளிற் பார்த்து முடிப்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் நிறைய உண்டு. லிஸ்பனுக்குப் போகிறவர் முதல்நாட் காலையில் பெலெம் கோபுரத்தையும், வாஸ்கோடகாமா அடக்கம் செய்யப்பட்ட ஜெரோனிமோஸ் மடாலயத்தையும் பார்ப்பார். ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர் வாய்க்கால்களிலே படகேறுவார். மறுநாள் அந்நாட்டின் பெரிய நூதனசாலைக்குள் நுழைவார். எங்கள் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய நகரங்களில் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது, அதே பழக்கத்தில் மட்டக்களப்புக்கும் ஒரு பட்டியல் கேட்கிறார்கள். “இரண்டு நாள்தான் இருக்குது. எதெதைப் பார்க்க வேணும்?”

இதனைச் சாதாரணக் கேள்வியாக நான் எண்ணுவதில்லை. ஓர் ஊரை இரண்டு நாளுக்குள் அடக்க முனையும்போது, எது சரித்திரம், எது சரித்திரமன்று என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வழக்கமாகக் கொடுக்கப்படும் பட்டியலைப் பாருங்கள். கோட்டை, 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போனது. முகத்துவாரத்து வெளிச்சவீடு, 1913இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. கல்லடிப் பழைய பாலம், 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் அமைந்தது. எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் இந்தப் பட்டியலோடு மட்டும் நின்றுவிட்டால், மட்டக்களப்பின் சரித்திரம் என்பது கடல் வழியே வந்தவர்களின் சரித்திரம் என்றாகிவிடும். வருவதற்கு முன்னும் பின்னும் இங்கே வாழ்ந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

ஆகவே நான் வகுக்கும் திட்டம் கட்டடங்களைக் கொண்டு வகுத்ததன்று. தண்ணீரைக் கொண்டு வகுத்தது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது எங்கள் வாவி. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே உள்ள வயல்நாட்டைப் படுவான்கரை என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை ஒன்று. இரண்டு நாளும் இரண்டு கரையும் நன்றாகப் பொருந்துகின்றன.

முதலில் நாள் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பார்க்கும் நாள் அல்ல. சந்திரனைப் பார்க்கும் நாள். பாடும் மீன் என்று உலகம் சொல்லும் அந்த ஓசையைக் கேட்பதற்கு ஏற்ற காலம் சித்திரை முதல் ஆவணி வரையான வறண்ட மாதங்கள். அதிலும் பறுவத்தை அண்டிய இரவுகள். மாரி தொடங்கிவிட்டால் வாவியிலே வெள்ளம் புரளும், ஓசை அடங்கிவிடும். பறுவ நாள் இலங்கையிற் பொது விடுமுறை என்பதும் பிரயாணிக்கு வசதிதான். வைகாசியாக இருந்தால் கண்ணகை அம்மன் கோயில்களிலே கதவு திறந்து சடங்கு நடக்கும். குளிர்த்திப் பாடலையும் கேட்கலாம். ஆடி அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம் கிடைக்கும். ஆனால் நிலவுமில்லை, வாவியின் பாட்டும் பெரும்பாலும் இல்லை. இரண்டையும் ஒரே வார இறுதியிற் பெற எந்த வழிகாட்டி நூலாலும் முடியாது. நான் வைகாசிப் பறுவத்துக்கே வாக்களிப்பேன்.

கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்தால் விடியலில் இறங்கலாம். 1928இல் வந்த பாதை அது. முதல் நாட் காலையில் புளியந்தீவுக்குள் நடந்தே போக வேண்டும். நகரம் என்று நாம் சொல்வதன் பழம்பெயர் புளியந்தீவு. மட்டக்களப்பு என்பது வாவியைச் சூழ்ந்த தேசம் முழுவதற்குமான பெயர். கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. நான்கு மூலையிலும் கொத்தளம். நெடுங்காலம் கச்சேரி இதற்குள்ளேதான் இயங்கியது. சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வாவியை நோக்கிய பக்கத்தில் சற்று நில்லுங்கள். அங்கே நின்று சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு.

1601இல் ஸீலாந்தின் வீரே துறையிலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டன. தமிழிற் சொன்னால் செம்மறி, கிடாய், குட்டி என்பவையே அவற்றின் பெயர்கள். தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். 1602 மே மாத இறுதியில் அவர் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். இங்கிருந்து மலைநாடு சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். ஒல்லாந்தருக்கும் கண்டிக்கும் இடையிலான உறவு எங்கள் வாவிக்கரையிலே தொடங்கியது. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட்டின் கதை அப்படி முடியவில்லை. அவருடைய ஆட்கள் பசுக்களைக் கொன்றனர், பிடிபட்ட போர்த்துக்கேயரை அவர் மன்னன் விருப்பத்துக்கு மாறாக விடுவித்தார், பேச்சும் தடித்தது. 1603இல் அவரும் அவரோடு வந்தவர்களும் இங்கே கொல்லப்பட்டார்கள். தென் அத்திலாந்திக்கிலே சில தீவுகள் ஒருகாலம் அவர் பெயரைத் தாங்கியிருந்தன. உலகத்தின் மறுமுனையைக் கண்ட மாலுமி, ஒரு வாவிக்கரையின் வழக்கங்களைக் காணத் தவறினார்.

1638 மே 18இல் அட்மிரல் வெஸ்டர்வோல்ட், இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு இந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதற் கோட்டை இதுதான். ஐந்தாம் நாள் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை மன்னனுடைய பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லும் பழமொழி இந்த வியாபாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆம்ஸ்டர்டாமின் அழகிய வாய்க்கால் வீடுகளைப் பார்க்கும் எங்கள் பிள்ளைகள், அவற்றைக் கட்டிய செல்வத்தின் ஒரு நுனி இந்தச் சுவரடியிலே தொடங்கியது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோன அலங்காரப் பீரங்கி அந்நகரத்து நூதனசாலையில்தான் நெடுங்காலம் இருந்தது. 2023இல் அது கொழும்புக்குத் திரும்பிவிட்டது. சில கணக்குகள் இரண்டரை நூற்றாண்டு கழித்தாவது தீர்க்கப்படுகின்றன.

போர்த்துக்கேயர் போய்விட்டார்கள், அவர்களுடைய மொழி போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களிலே போர்த்துக்கேயக் கிரியோல் மொழி முதியோர் வாயில் இன்னும் வாழ்கிறது. தச்சு, கொல்லுவேலை, தையல் என்பன அவர்கள் கைத்தொழில்கள். தேகு ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்ட பேச்சை எங்கள் வாவிக்கரையிற் கேட்கலாம் என்றால், அதைவிடப் பெரிய நூதனசாலை எது? ஆனால் 2004 டிசம்பர் 26இல் வந்த கடல், டச்பார் பகுதியில் பறங்கியர் பலரை வாரிக்கொண்டு போயிற்று. ஏற்கெனவே சிறுத்திருந்த மொழிக்கு அது பேரிழப்பு.

பிற்பகலிற் பழைய பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் இந்தத் தீவிலே பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே இங்கு மறைந்தார். அதன்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடைக்குப் போக வேண்டும். சிவானந்த வித்தியாலயத்தை அமைத்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பில் ஆங்கிலப் பள்ளிகளிலே படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலேயே கண்மூடினார். நீருக்கடியில் எழும் இசையைக் கேட்டு வளர்ந்த தேசத்தார் ஒருவருக்கே அந்த ஆராய்ச்சி வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

அன்றிரவு தோணி. பாலத்தடிக்கு அருகே துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு, மறுநுனியிற் காதை வைக்க வேண்டும். 1848இல் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வுக்கு அந்த ஓசையை ஒப்பிட்டார். மீனவர்களிடம் விசாரித்தபோது அவர்கள் மீனைச் சொல்லவில்லை, ஊரியைச் சொன்னார்கள். வாவியோடு வாழ்ந்தவர்களுக்கு அது பாடும் ஊரி. பெயர்ப்பலகைக்கு ஏறியதோ மீன். கேட்கப் போகிறவர் இரண்டு பெயரையும் அறிந்து போனால் நல்லது. மோட்டார்ப் படகு மட்டும் வேண்டாம். அதில் போனால் மோட்டார்தான் பாடும்.

இரண்டாம் நாள் விடியமுன் புறப்பட்டு மண்முனைக்குப் போக வேண்டும். வழியில் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, அவ்வூரின் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987இலும் 1991இலும் தமிழ்க் கிராமத்தவர் பலர் படையினராற் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நகரத்துச் சீயோன் தேவாலயத்திலே குழந்தைகளும் இறந்தார்கள். இவற்றைச் சுற்றுலாத் திட்டத்திற் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்சிப் பொருளாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் கடந்து போகவும் கூடாது என்பதே என் கருத்து. ஐரோப்பியத் தலைநகரங்களில் யூதர் நினைவிடங்களுக்குப் போய்ப் புகைப்படக் கருவியைப் பையினுள் வைத்துவிட்டு நிற்கப் பழகிய பிள்ளைகள், இங்கும் அப்படி நிற்கலாம். ஒன்றை மாத்திரம் வேண்டிக்கொள்வேன்: தன் இனத்தார் இறந்த இடத்தில் மட்டும் நின்றுவிட்டு, மற்றவர் இறந்த இடத்தில் வாகனத்தை விரைவாக ஓட்டக் கூடாது. அப்படிப் பார்ப்பவர் ஒரு கரையை மட்டுமே பார்த்தவர்.

மண்முனையில் 2014இலேதான் பாலம் வந்தது. அதற்குமுன் மனிதரும் மாடும் உழவு இயந்திரமும் ஏறிக் கடந்தது ‘பாதை’யில். தட்டையான அந்த மிதவைக்கு எங்கள் பகுதியில் பாதை என்றுதான் பெயர். தண்ணீரையே வழியாகக் கொண்ட மக்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? பாலம் வருவதற்கு முன் நோயாளியைத் துறையில் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்த குடும்பங்கள் படுவான்கரையிலே பல. ஆகவே பாதை அழகானது என்று சொல்லிப் பாலத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனாலும் இன்னும் பாதை ஓடும் துறை ஒன்றின் வழியாகத் திரும்பி வந்தால், இரு கரைக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது உடம்புக்குத் தெரியும்.

படுவான்கரையில் நின்று பார்த்தால் வாவிக்கு மேலே சூரியன் எழுவது தெரியும். கொக்கட்டி மரங்கள் நின்ற சோலையிலே சிவலிங்கம் தானாகத் தோன்றியது என்பது தான்தோன்றீச்சரத்தின் ஐதீகம். கல்நந்தி புல்லுண்ணுமா என்று போர்த்துக்கேயத் தளபதி கேலி செய்தானாம்; நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். நடந்ததா என்று ஆராய நான் வரவில்லை. கோட்டையைக் கட்டியவனின் கதை பத்திரங்களில் இருக்கிறது. அவனை எதிர்கொண்டவனின் மனம் இந்தக் கல்மாட்டில் இருக்கிறது. சரித்திரம் படிக்கிறவனுக்கு இரண்டும் ஆவணமே.

கோயிலிலிருந்து வயல்வழியே நடவுங்கள். ஏதாவது ஒரு களரியிலே வடமோடியோ தென்மோடியோ பழகும் மத்தளம் கேட்டால், அழைப்பில்லாமலே போய் இருக்கலாம், தேநீர் வரும். அந்த மணித்தியாலத்துக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். சில வீடுகளில் உங்கள் பாட்டனின் பெயரைச் சொன்னால், தாய்வழிக் குடி எது என்று அடுத்த கேள்வி எழும். லண்டனிலும் பாரிஸிலும் பிறந்த பிள்ளை அதற்கு விடை தெரியாமல் நிற்கக்கூடும். பக்கத்தில் இருக்கும் வயோதிபர் யாராவது விடை சொல்லுவார்; அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஸ்பன் கோபுரமும் ஆம்ஸ்டர்டாம் வாய்க்காலும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அவற்றைக் காக்கப் பெரிய அரசுகள் உண்டு. பறங்கியர் வீட்டுக் கிரியோலையும், ஊரி என்ற பெயரையும், குடிவழி சொல்லும் கிழவரின் நினைவையும் காக்க அப்படி யாரும் இல்லை. ஆதலால் இரண்டு நாள் போதுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, போதாது, ஆனாலும் இந்த வைகாசிக்கே வாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.