அலங்கார மீன் வளர்ப்பில் உறைந்த உணவின் வரலாறு: காஞ்சிபுரத்தை முன்வைத்து

உறைந்த மீன் உணவு என்பது ரத்தப்புழு, ஆர்ட்டீமியா எனப்படும் உவர்நீர் இறால், நீர்ப்பேன், இறால் சதை போன்றவற்றைக் கழுவி, உறைய வைத்து, −18° செல்சியசு அல்லது அதற்கும் கீழான வெப்பநிலையில் சேமித்துத் தொட்டி மீன்களுக்கு இடும் உணவாகும். வட்டிலாகவோ சிறு கட்டிகளாகவோ இது விற்கப்படுகிறது. கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி இடும் வழக்கமுள்ள காஞ்சிபுரத்திற்கு இவ்வுணவு வந்து சேர்ந்த கதை, குளிர்பதனத்தின் வரலாற்றோடும் மின்சாரத்தின் வரலாற்றோடும் பின்னியது.

கோயில் குளங்களும் பொரியும்

காஞ்சிபுரத்தில் மீனுக்கு உணவிடுவது பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று; அது புண்ணியச் செயலாகக் கருதப்பட்டது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு, ஏகாம்பரநாதர் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தம், ஊரின் மேற்கே உள்ள சர்வ தீர்த்தம் முதலியவை நகரின் பெயர்பெற்ற குளங்கள். படித்துறையில் நின்று பொரி தூவுவது தமிழகக் கோயில் குளங்கள் பலவற்றிலும் காணப்படும் வழக்கம். கெண்டை இனங்கள் அனைத்துண்ணிகள் என்பதால் பொரியை விரும்பி உண்கின்றன.

ஆனால் பொரி பெரும்பாலும் மாவுச்சத்து. மீனின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அதில் குறைவு. குளத்து மீன் பாசி, பூச்சிப்புழு, நத்தை ஆகியவற்றிலிருந்து மீதியைத் தேடிக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீனுக்கு அந்த வழி இல்லை. உண்ணாமல் எஞ்சும் பொரி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிசன் செலவாகிறது. பெரிய குளம் இதை ஓரளவு தாங்கும். 50 லிட்டர் தொட்டி தாங்காது. மீன் உணவின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டு சிக்கல்களுக்கு விடை தேடிய வரலாறே.

தொட்டி மீனின் வருகை

1850களில் இலண்டனில் கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்ப்பது பரவியது. 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. தமிழகத்தில் இதன் தொடக்கம் சென்னை மெரினா. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் அங்கு உருவான மீன் காட்சியகம் 1909இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

வீட்டுத் தொட்டிகள் பெருகியபோது சென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் வணிகத்திற்கும் மையமாயிற்று. கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் எனப் பல இனங்கள் அங்கிருந்து வெளியூர்க் கடைகளுக்குச் செல்கின்றன. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்திற்கு இதுவே அருகிலுள்ள பெருஞ்சந்தை.

உயிர் உணவின் காலம்

உறைந்த உணவுக்கு முன்பு வளர்ப்போர் நம்பியிருந்தது உயிர் உணவை. தேங்கிய நீரில் கிடைக்கும் கொசுப்புழு, குளத்து நீர்ப்பேன், சாக்கடை ஓடைகளின் சேற்றில் வளரும் டியூபிஃபெக்ஸ் புழு ஆகியவை இதில் அடங்கும். டியூபிஃபெக்ஸ் மலிவானது, மீன்களும் ஆவலோடு உண்ணும். ஆனால் கழிவுநீர்ச் சேற்றில் வாழும் புழு, அச்சேற்றின் பாக்டீரியாவையும் கன உலோகங்களையும் உடன் கொண்டுவரும். இதனால் ஓடும் நீரில் பல நாள் அலசிய பிறகே அதை இடுவது வழக்கமாயிற்று. டிரவுட் மீன்களைத் தாக்கும் சுழல் நோயின் ஒட்டுண்ணி, தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள் கழிக்கிறது என்பது 1980களில் உறுதிப்பட்டது. புழுவும் நோய்க்கு வழியாகலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

ஆர்ட்டீமியா வேறு வகை. இதன் முட்டைக் கூடுகளை உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம்; உப்பு நீரில் இட்டால் ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். 1930களில் சான் பிரான்சிஸ்கோவில் ஆல்வின் சீல், நார்வேயில் ரோலஃப்சன் ஆகியோர் இக்குஞ்சுகளை மீன்குஞ்சுகளின் உணவாகப் பயன்படுத்தி எழுதினர். தமிழகத்தில் தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்ட்டீமியா இயற்கையாகவே உண்டு. 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் முட்டுக்காடு ஆய்வு நிலையம், 1997 முதல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள்தான் இருந்தது.

பனிக்கட்டியிலிருந்து உறைபதனம் வரை

அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னையில் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது. அன்று பனிக்கட்டி செல்வர் வீட்டுப் பொருள். 1920களில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ என்ற அமெரிக்கர் விரைவு உறைபதன முறையை உருவாக்கினார். மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் திசுவின் உயிரணுக்களைக் கிழிக்கும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியனவாக அமையும், உருகும்போது சத்துநீர் குறைவாகவே வடியும். இந்தியாவிலிருந்து உறைந்த இறால் ஏற்றுமதி 1953இல் கொச்சியில் தொடங்கியது. இந்நுட்பம் முதலில் மனிதர் உண்ணும் கடலுணவுக்கே பயன்பட்டது. வளர்ப்பு மீனின் உணவுக்கு வந்தது பின்னர்தான்.

1950களில் செர்மனியில் அறிமுகமான செதில் உணவு, உலர் உணவாகையால் எந்தக் கடை அலமாரியிலும் இருக்க முடிந்தது. சிற்றூர்க் கடைகளில் அது எளிதில் நிலைபெற இதுவே காரணம். உறைந்த உணவுக்குக் கடையிலும் வீட்டிலும் உறைபெட்டி வேண்டும்; இடைவழியில் பனிக்கட்டி இட்ட தெர்மாகோல் பெட்டி வேண்டும்.

மின்வெட்டு

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் கடுமையான மின் பற்றாக்குறை நிலவியது. 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேர மின்தடை இருந்தபோது, பிற மாவட்டங்களில் அது பல மடங்காக நீண்டது. காஞ்சிபுரத்தின் பட்டுக் கைத்தறி மின்சாரமின்றியும் ஓடும். நெசவாளிக்கு விளக்கும் விசிறியும்தான் நிற்கும். உறைபெட்டி அப்படியன்று. பாதி உருகி மீண்டும் உறைந்த ரத்தப்புழுவில் உயிரணுக்கள் சிதைந்து, பாக்டீரியா பெருகியிருக்கும். ஆனால் வெளியே பார்த்தால் கட்டி கட்டியாகவே தெரியும். மின்சாரம் நிலையாக இல்லாத ஊரில் உறைந்த உணவை நம்புவது கடினம்.

இன்னொரு தடை வீட்டுக்குள் இருந்தது. சைவ உணவுப் பழக்கமுள்ள வீட்டில் பாலும் காய்கறியும் வைக்கும் குளிர்பதனப் பெட்டியில் புழுவுக்கும் இறாலுக்கும் இடம் கிடைப்பது அரிது. கோயில் குளத்தில் பொரி தூவ இந்தச் சிக்கல் எழுவதில்லை.

உறைபதனம் தீர்க்காதவை

உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பல இறக்கும். ஆனால் எல்லாக் கிருமிகளும் அழிவதில்லை. 1994–95இல் இந்தியக் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளைப் பாதித்த வெண்புள்ளி நோயின் வைரசு, உறைந்த இறாலிலும் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. நன்னீர் இறால்களை வளர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சில நாடுகளில் உறைந்த மீன் உணவைக் காமாக் கதிர் கொண்டு நுண்ணுயிர் நீக்கி விற்கின்றனர்.

சத்துக் குறைபாடு மற்றொன்று. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பச்சைக் கெண்டை மீன் உண்ட பண்ணை நரிகளுக்கு வாத நோய் வந்தது. அம்மீனில் உள்ள தயமினேசு என்னும் நொதி வைட்டமின் பி1ஐச் சிதைப்பதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. வேகவைத்தால் இந்நொதி செயலிழக்கும்; உறைய வைத்தால் செயலிழக்காது. ஆஸ்கார், அரோவானா போன்ற பெரிய மீன்களுக்கு உறைந்த மீனையோ இறாலையோ மட்டும் மாதக்கணக்கில் இடக் கூடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

இன்றைய வழக்கம்

உறைந்த உணவு இன்று செதில், குருணை உணவுகளுக்குத் துணையாக வாரத்தில் சில நாள்கள் இடப்படுகிறது. வேண்டிய அளவை மட்டும் உடைத்து, தொட்டி நீர் சிறிதளவில் உருக்கி, வடிகட்டி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, சில நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே இடுவது முறை. ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைப்பதில்லை. மின்தடையை அறிய, உறைபெட்டியில் ஒரு கிண்ணம் நீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயம் வைப்பதுண்டு; நாணயம் உள்ளே இறங்கியிருந்தால் இடையில் உருகியிருக்கிறது என்று பொருள். அப்போது உள்ளிருக்கும் புழுக் கட்டி எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் எறிந்துவிட வேண்டியதே.