வேலையிடக் காயம்: அன்றே பதிந்தால் பின்னாளில் சிக்கல் குறையும்

செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் தூசு விழுவதும், தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் நசுங்குவதும் அடிக்கடி நடப்பவை. சின்னக் காயம்தானே என்று மருந்து போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புவோர் பலர். சில வாரங்கள் கழித்துப் பார்வை மங்கினால், அது வேலையில் ஏற்பட்டதுதானா என்ற கேள்வி எழும். அப்போது கைகொடுப்பது அன்றைய பதிவுதான்.

முதலாளியின் கடமை

மலேசியாவில் இதற்கான விதிமுறைகள் 2004-இல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு (ஜேகேகேபி) முதலாளி தெரிவிக்க வேண்டியவை:

• மரணம், அல்லது 4 நாட்களுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்யவிடாத கடும் காயம்: உடனே தகவல், 7 நாட்களுக்குள் ஜேகேகேபி 6 பாரம்.

• நச்சுப் பாதிப்பு, தொழில்சார் நோய்: 7 நாட்களுக்குள் ஜேகேகேபி 7 பாரம்.

• ஆண்டு முழுவதற்குமான பதிவேடு: ஜேகேகேபி 8 பாரம். மறு ஆண்டு ஜனவரி 31-க்கு முன் அனுப்ப வேண்டும். பதிவுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சொக்சோ வேறு

ஜேகேகேபிக்கு அனுப்பினால் சொக்சோவுக்கும் போய்ச் சேரும் என்று நினைப்பது தவறு. விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால் தற்காலிக இயலாமை உதவித்தொகை கோரலாம். அது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

பதிவைப் புதுப்பித்தல்

ஒருமுறை எழுதியதோடு வேலை முடிவதில்லை. எம்.சி. நீட்டிக்கப்பட்டாலும், காயம் முற்றி அறுவை சிகிச்சை நடந்தாலும், டாக்டர் வேறு நோய் என்று கண்டறிந்தாலும் அதையும் சேர்க்க வேண்டும். முதலில் 'இரண்டு நாள் ஓய்வு' என்று எழுதியது அப்படியே நின்றுவிட்டால், இழந்த மற்ற நாட்கள் கணக்கில் வராது.

நோய் விஷயத்தில் கவனம் இன்னும் தேவை. இரைச்சலால் காது மந்தமாவதும், பூச்சிமருந்தால் தோல் கெடுவதும் ஒரே நாளில் வருவதில்லை. எந்த மருந்து அடித்தார், எந்த இயந்திரத்தில் எத்தனை ஆண்டு நின்றார் என்ற விவரங்களே பின்னாளில் சான்று.

தொழிலாளர் செய்ய வேண்டியவை

• காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே மண்டோரிடமோ அலுவலகக் கிராணியிடமோ சொல்லி, எழுதிவிட்டார்களா என்று கேட்க வேண்டும்.

• வேலையில் ஏற்பட்டது என்பதை கிளினிக்கில் டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

• எம்.சி., மருந்துச் சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகலும், பார்த்தவர்களின் பெயர்களும் கையில் இருக்கட்டும்.

• முதலாளி தட்டிக்கழித்தால், இந்த ஆவணங்களுடன் அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தை நேரில் அணுகலாம்.