தண்ணீரில் அணையாத மத்தாப்பு

கப்பலில் வைத்திருக்கும் அபாயக் கைச்சுடரைச் சோதிப்பவர்கள், அது எரிந்துகொண்டிருக்கும்போதே பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். பத்து வினாடிக்குப் பிறகும் அது எரிய வேண்டும். கொளுத்தாத சுடரை ஒரு மீட்டர் ஆழத்தில் 24 மணி நேரம் ஊறப்போட்டு, எடுத்துப் பற்றவைத்துப் பார்ப்பதும் உண்டு. கடலில் உயிர்காக்கும் கருவிகளுக்கான சர்வதேச விதிகள் இவை.

தண்ணீருக்குள் எப்படி நெருப்பு? விறகுக்கு வெளிக்காற்று வேண்டும். சுடரின் மருந்திலோ ஆக்சிஜனைத் தரும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. எரியும்போது பீறிடும் வாயு தண்ணீரைத் தள்ளி நிறுத்துகிறது. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரவுக் கடலில் தொலைவிலிருந்து நிறம் பிரித்துக் காணும்படி ஒரு சுடரை உருவாக்க ஒரு பெண்ணுக்குப் பத்தாண்டு பிடித்தது.

அமெரிக்காவின் மார்த்தா காஸ்டன் 1848இல் கணவரை இழந்தபோது வயது 21. கையில் குழந்தைகள். காசு இல்லை. கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணவர் பெஞ்சமின் விட்டுச்சென்ற காகிதங்களில் இரவுச் சைகை விளக்கு பற்றிய குறிப்புகள் கிடைத்தன. அவற்றின்படி செய்தவை சோதனையில் தோற்றன. வரலாறு எழுதியவர்கள் பலர் 'கணவரின் கண்டுபிடிப்பை நிறைவு செய்தார்' என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகிறார்கள். குறிப்பு எழுதிவைப்பது வேறு, அடுப்படியில் நின்று பதம் காண்பது வேறு என்பது நமக்குத் தெரியாததா?

வெள்ளையும் சிவப்பும் கைகூடின. தேசியக் கொடியின் நிறங்களாக அமைய நீலமும் வேண்டுமென விரும்பினார். பிரகாசமான நீலச் சுடர் கிடைப்பது இன்றைக்கும் கடினம். நீலம் தரும் செம்புச் சேர்மங்கள் அதிக வெப்பத்தில் சிதைந்துவிடும். 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்காக நியூயார்க்கில் நடந்த வாணவேடிக்கையைப் பார்த்தபின், அங்குள்ள வாணவேடிக்கைத் தயாரிப்பாளர்களுக்கு ஆண் பெயரில் கடிதம் எழுதினார். பெண் என்று தெரிந்தால் பொருட்படுத்தமாட்டார்கள் என்ற அச்சத்தைத் தன் வரலாற்று நூலில் மறைக்காமல் சொல்கிறார். கடைசியில் நீலத்தின் இடத்தில் பச்சை வந்தது. மூன்று நிறங்களைத் தனித்தும் சேர்த்தும் எரித்து எண்களைக் குறித்தார்கள். எண்களைக் குறியீட்டுப் புத்தகத்தில் பார்த்தால் செய்தி.

1859 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தது. எண் 23,536. அதில் கண்டுபிடிப்பாளர் என்று இருப்பது, இறந்து பத்தாண்டு கடந்துவிட்ட பெஞ்சமினின் பெயர். மார்த்தா அவரது சொத்தை நிர்வகிப்பவர் மட்டுமே. கைம்பெண்ணை ஒதுக்கும் சமூகங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒதுக்காமலே, கைம்பெண்ணாக மட்டும் உள்ளே விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் இந்த வழியையும் கவனிக்க வேண்டும்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. காப்புரிமைக்கு அவர் 40,000 டாலர் கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றம் 20,000 கொடுத்தது. வடதரப்புக் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டு, முற்றுகை தாண்டும் படகுகளை இரவில் துரத்தியபோது ஒன்றோடொன்று பேசியது இந்தச் சுடர்களால்தான். போர்க்காலத்தில் விலைவாசி ஏறியும் நிர்ணயித்த குறைந்த விலைக்கே செய்து கொடுத்தார். அரசு தனக்கு 1,20,000 டாலர் தர வேண்டும் என்று கணக்குக் காட்டினார். பத்தாண்டுக்கு மேல் வாதாடிய பிறகு அரசு தர முன்வந்தது 15,000.

இடையில் 1871இல் இன்னொரு காப்புரிமை. கைப்பிடியைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும் சுடர். ஈரக்காற்றில், ஆடும் தளத்தில் தீக்குச்சியோடு போராட வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தில் கண்டுபிடிப்பாளர்: மார்த்தா ஜே. காஸ்டன்.