வயசுக்கு வந்தால் வளர்ச்சி நின்றுவிடுமா? உயரக் கணக்கு சொல்வது என்ன?

"பெரியவளாயிட்டா, இனி எங்க வளரப் போறா?" இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கலாம். பாதி உண்மை. முதல் மாதவிடாய்க்குப் பிறகும் பெரும்பாலான பெண்கள் சுமார் 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். ஆனால் வேகமான வளர்ச்சி அதற்கு முன்பே முடிந்திருக்கும். பையன்களுக்கு அந்த வேகம் சுமார் 2 ஆண்டுகள் தள்ளித்தான் வரும். ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவில் பெண்கள் உயரமாக நிற்பது அதனால்தான்.

எவ்வளவு உயரம் வருவார்கள்? அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டுங்கள். மகன் என்றால் 13 செ.மீ. சேர்த்து, மகள் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 170, அம்மா 155 என்றால் மகளுக்கு 156 வரும். ஆனால் இதில் 8 செ.மீ. கூடலாம், குறையலாம். 148-ம் சரி, 164-ம் சரி. இதை நம்பி தூக்கத்தைத் தொலைக்காதீங்க!

உயரத்தைவிட முக்கியம், எலும்பின் வயது. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் அது தெரியும். 13 வயதுப் பையனின் எலும்பு வயது 11 என்றால், வளர இன்னும் காலம் இருக்கிறது. "அவங்கப்பாவும் காலேஜ் போய்தான் வளர்ந்தாரு" என்று பாட்டி சொன்னால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பயனுள்ள தகவல் அது.

நாம் கோட்டை விடுவது எதிர்ப்பக்கத்தில். மூன்றாம் வகுப்பிலேயே திடீரென வளரும் மகளைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பருவம் சீக்கிரம் தொடங்கினால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கடைசியில் குள்ளமாக நிற்பது அந்தக் குழந்தையாகவே இருக்கலாம். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன் மார்பக வளர்ச்சி, பையனுக்கு 9 வயதுக்கு முன் பருவ அறிகுறி தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 வயதாகியும் எந்த அறிகுறியும் இல்லை என்றாலும் காட்டுங்கள். பருவத்துக்கு முன் வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றால் அதுவும் அப்படித்தான்.

உயரம் கூட்டும் பவுடர், கம்பியில் தொங்குவது எல்லாம் மரபு தரும் உயரத்தை மாற்றாது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி குறிப்பிட்ட சில குறைபாடுகளுக்கு மட்டுமே. தட்டுகள் மூடிவிட்டால் அதுவும் பயன் தராது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், காலையிலேயே அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாலைக்குள் உயரம் கொஞ்சம் குறைந்துவிடும். குழந்தைகள் நல மருத்துவர் முதலில் கேட்பது இந்தக் குறிப்பைத்தான்.