மேஜிக் காளானை மருத்துவத்துக்கு அனுமதித்தால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு?

"மனச்சோர்வுக்குக் காளான் சிகிச்சை", "காளானை அனுமதித்தது இன்னொரு மாநிலம்" - இப்படிப்பட்ட தலைப்புகள் உங்கள் கைத்தொலைபேசியில் கண்ணில் பட்டிருக்கும்.

நண்பர்களிடம் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அனுமதிச்சா அரசாங்கத்துக்கு வரி கொட்டும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, மக்களோட வரிப் பணம்தான் வீணாகும்" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? ஊகிக்கத் தேவையில்லை. ஓர் இடத்தில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம்தான் அது.

முதலில், இது என்ன காளான்?

நாம் சமைக்கும் காளான் இல்லை. சில வகைக் காளான்களில் சைலோசைபின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதை உட்கொண்டால் உடல் அதைச் சைலோசின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அது மூளையில் வேலை செய்து, பார்ப்பது, கேட்பது, நேரத்தை உணர்வது என எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குப் புரட்டிப் போடுகிறது.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி இது இன்றும் தடை செய்யப்பட்ட போதைப்பொருள். அதே நேரத்தில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இலும் 2019இலும் மனச்சோர்வுக்கான சைலோசைபின் ஆய்வுகளுக்கு முன்னுரிமைத் தகுதி கொடுத்தது. 2022இல் 233 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. மற்ற மருந்துகள் பலன் தராத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒருமுறை 25 மில்லிகிராம் கொடுத்தபோது, மூன்று வாரம் கழித்து அவர்களின் நிலைமை ஓரளவு மேம்பட்டிருந்தது. ஆனால் தலைவலி, குமட்டல், தற்கொலை எண்ணம் போன்ற பாதிப்புகளும் பதிவாயின.

அதாவது, நம்பிக்கை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. செலவுக் கதை தொடங்குவதே இங்கேதான். ஆபத்து இருப்பதால் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பு இலவசமாகக் கிடைக்காது.

ஓரிகன் என்ன செய்தது?

2020 நவம்பரில் ஓரிகன் வாக்காளர்கள் 109ஆம் எண் தீர்மானத்துக்கு ஆதரவளித்தனர். ஆதரவு சுமார் 56 விழுக்காடு.

காளானைக் கடையில் விற்க அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. விதிகள் சுருக்கமாக இவைதான்:

- வயது 21 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்
- முதலில் ஓர் ஆயத்தச் சந்திப்பு
- உரிமம் பெற்ற சேவை நிலையத்தில், உரிமம் பெற்ற வழிநடத்துநர் முன்னிலையில்தான் உட்கொள்ள வேண்டும்
- பாதிப்பு தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்

மருத்துவரின் சீட்டு தேவையில்லை. நோய் இருப்பதாக நிரூபிக்கவும் வேண்டாம். சிகிச்சைக்காகவே பலர் போனாலும், சட்டப்படி அது மருத்துவமனைச் சேவை அல்ல. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அரசாங்கத்தின் பணம் எதற்குப் போகிறது?

"சட்டத்தை மாத்தினா போதாதா, அதுக்கு ஏன் மில்லியன் கணக்கில செலவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அனுமதி கொடுத்த மறுநாளே கதவைத் திறந்துவிட முடியாது. ஓரிகன் சுகாதார ஆணையத்துக்கு 2021, 2022 என இரண்டு முழு ஆண்டுகள் ஆயத்தத்துக்கே போயின. ஆலோசனைக் குழு அமைத்தார்கள். காளானை எப்படி வளர்ப்பது, எப்படிச் சோதிப்பது, ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், வழிநடத்துநருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் விதி எழுதினார்கள்.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. உரிம விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆட்கள் வேண்டும். நிலையங்களைச் சோதிக்க அதிகாரிகள் வேண்டும். ஒவ்வொரு கிராம் காளானும் பண்ணையிலிருந்து நிலையம்வரை எங்கே இருக்கிறது என்று பின்தொடரக் கணினி முறை வேண்டும். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். காளான் மலிவு. அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களுக்கான சம்பளம்தான் செலவு.

வாக்களிப்புக்கு முன்பே மாநிலம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஆயத்தக் காலத்துக்குப் பொதுநிதியிலிருந்து 5.4 மில்லியன் டாலர். அதன் பிறகு ஆண்டுக்கு 3.1 மில்லியன் டாலர். இந்த இரண்டாவது தொகையை உரிமக் கட்டணமும் வரியும் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். தன் காலில் தானே நிற்கும் என்றார்கள்.

கணக்கு எங்கே இடித்தது?

நாமே போட்டுப் பார்ப்போம்.

சேவை நிலையத்துக்கும் காளான் வளர்ப்பவருக்கும் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10,000 டாலர். வழிநடத்துநருக்கு 2,000 டாலர். இலாப நோக்கமற்ற அமைப்புகள் போன்ற சிலருக்கு மட்டும் சலுகை உண்டு.

3.1 மில்லியன் டாலரை நிலையங்களும் வளர்ப்பவர்களும் மட்டும் கட்டுவதென்றால் 310 உரிமங்கள் வேண்டும். ஆனால் திறக்கப்பட்டவை சில பத்து நிலையங்கள்தான்.

30 நிலையங்கள், 300 வழிநடத்துநர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையங்களிடமிருந்து 300,000 டாலர், வழிநடத்துநர்களிடமிருந்து 600,000 டாலர். மொத்தம் 900,000 டாலர். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

சரி, வரி? 15 விழுக்காடு வரி உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது காளான் பொருளின் விலைக்கு மட்டும்தான். வழிநடத்துநர் பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதற்கான கட்டணத்துக்கு அந்த வரி இல்லை. காளானின் விலை 150 டாலர் என்றால் வரி 22.50 டாலர். அவ்வளவுதான். 'வரி கொட்டும்' என்ற வாதம் இங்கேதான் சரிகிறது. கஞ்சாக் கடைபோல இது அடிக்கடி வாங்கும் பொருள் அல்ல. ஒருவர் ஒருமுறையோ இருமுறையோ வருவார், அதோடு சரி.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. நகரங்களும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களும் தங்கள் எல்லைக்குள் வேண்டாம் என்று வாக்களித்து விலகிக்கொள்ளலாம். 2022 நவம்பரில் பெரும்பாலான கவுண்டிகள் அப்படியே செய்தன. நிலையங்கள் குறைந்தால் உரிமக் கட்டணமும் குறையும். ஆனால் விதி எழுதும் அதிகாரியின் சம்பளம் குறையாது.

முடிவு? 2023இல், தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன திட்டத்துக்குச் சட்டமன்றம் பொதுநிதியிலிருந்து மேலும் ஏறக்குறைய 3 மில்லியன் டாலர் ஒதுக்கவேண்டியதாயிற்று.

ஒரு மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இது சின்னத் தொகை. 'வரிப் பணமெல்லாம் போச்சு' என்பதும் மிகை. ஆனால் 'அரசாங்கத்துக்குச் செலவே இல்லை' என்ற வாக்குறுதி நிற்கவில்லை.

மீதிச் செலவு யார் தலையில்?

10,000 டாலர் உரிமக் கட்டணத்தை நிலையம் எங்கிருந்து எடுக்கும்? வருபவரிடமிருந்துதான். வாடகை, காப்பீடு, வழிநடத்துநர் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு முறை போய்வர 1,000 டாலருக்கு மேல் ஆகலாம். 3,000 டாலரைத் தாண்டிய இடங்களும் உண்டு.

மருத்துவக் காப்பீடு உதவுமா? உதவாது. கூட்டரசுச் சட்டத்தில் தடை இருப்பதால் அரசாங்க மருத்துவ உதவித் திட்டமும் தொடாது. அதோடு, மேலே சொன்ன விவரத்தை நினைத்துப் பாருங்கள்: சட்டப்படி இது மருத்துவச் சேவையே இல்லை.

அரசாங்கம் செலவைக் கட்டணமாக மாற்றியது. கட்டணம் விலையாக மாறியது. விலை ஏறியதால் வருபவர்கள் குறைந்தனர், சில நிலையங்கள் மூடப்பட்டன. மூடப்பட்டதால் கட்டண வருமானமும் குறைந்தது. மனச்சோர்வால் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவரால் 2,000 டாலர் புரட்ட முடியுமா? யாருக்கு மிக அவசியமோ அவருக்கே எட்டாமல் போகிறது.

வேறு வழிகள் உண்டா?

இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா: 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் கொடுக்கலாம். புதிய நிலையங்களோ புதிய தொழிலோ இல்லை. ஏற்கெனவே இருக்கும் மருத்துவர்கள், ஏற்கெனவே இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதனால் அரசாங்கம் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியது குறைவு. ஆனால் மருந்து மானியப் பட்டியலில் அது இல்லை. மனநல மருத்துவர்களின் பல மணி நேர உழைப்புக்கும் சேர்த்து நோயாளிக்கு ஆகும் செலவு பல்லாயிரம் ஆஸ்திரேலிய டாலர்.

நியூ மெக்சிகோ: இந்த அமெரிக்க மாநிலத்தின் சட்டமன்றம் நிறைவேற்றிய மருத்துவச் சைலோசைபின் சட்டத்தில் 2025 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும், மருத்துவத் துறையினர் மேற்பார்வையில். திட்டம் 2027 முடிவதற்குள் நடப்புக்கு வர வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு உதவத் தனி நிதி ஒன்றைச் சட்டத்திலேயே சேர்த்திருப்பது. அதாவது, 'அரசாங்கமும் செலவு செய்யும்' என்று முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

செலவு மிச்சமாகவும் வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கலாம். மனச்சோர்வு குணமானால் மருத்துவமனைச் செலவு குறையும், ஒருவர் வேலைக்குத் திரும்புவார். ஆனால் இந்த இலாபம் ஓரிகனின் காளான் பிரிவுக் கணக்கில் வராது. அது வேறு துறையில், வேறு ஆண்டில் வரும். அளந்து பார்க்கத் தரவு வேண்டும். அதற்காக 2025 முதல் சேவை நிலையங்கள் தரவுகளைச் சேகரித்துத் தர வேண்டும் என்று ஓரிகன் 2023இல் தனிச் சட்டம் போட்டது. அதைச் சேகரித்துத் தொகுப்பதற்கும் செலவு உண்டு என்பது வேறு கதை.

சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு

இங்கே சட்டம் மாறவில்லை. போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் சைலோசைபின், சைலோசின் இரண்டும் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள். வைத்திருந்தால் 10 ஆண்டுவரை சிறை, 20,000 வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டும்.

"ஓரிகனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய் எடுத்துக்கலாமே?" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம். மனம் சரியில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள்.

அடுத்த முறை "இன்னொரு இடத்தில் காளானுக்கு அனுமதி" என்ற செய்தியைப் பார்த்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கண்காணிப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது? கையில் காசில்லாத நோயாளிக்கு என்ன வழி? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், சட்டத்தில் கிடைத்த அனுமதி அந்த நோயாளிக்கு இன்னும் கிடைக்கவில்லை.