ஓராண்டுக்கென்று சென்ற ஐந்து வைத்தியர்கள்

வெளிநாடொன்றில் ஓராண்டு தொண்டாற்றிவிட்டுத் திரும்பும் இளைஞர்களோடு உரையாடும்போது ஒரு குறை தவறாமல் காதில் விழும். இடத்தையும் மொழியையும் அறிந்து, உருப்படியாக ஏதேனும் செய்யத் தொடங்கும் வேளையில் ஆண்டு முடிந்துவிட்டது என்பார்கள். அப்போதெல்லாம் 1938 செப்ரெம்பரில் பம்பாயிலிருந்து சீனாவுக்குக் கப்பலேறிய ஐந்து வைத்தியர்களே என் நினைவுக்கு வருவார்கள்.

1937 யூலையில் யப்பான் சீனாமீது முழுஅளவிலான போரைத் தொடுத்தது. சீனத் தளபதி சூ தே வைத்திய உதவி கோரி நேருவுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி கேட்டார். சேர்ந்த தொகை 22,000 ரூபா. டில்லியில் பிரித்தானியரே ஆட்சி செய்த காலம் அது. தனக்கே விடுதலை கிடையாத ஒரு நாட்டின் மக்கள், ஆக்கிரமிப்புக்கு உள்ளான இன்னொரு நாட்டுக்குத் தம் கைப்பணத்தில் வைத்தியர்களை அனுப்பினார்கள். இந்த முயற்சியின் பெருமை முதலில் பெயர் தெரியாத அந்த மக்களையே சாரும் என்பது என் எண்ணம்.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அலகாபாத்தைச் சேர்ந்த டாக்டர் அடல். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஏற்கனவே பணியாற்றியவர். நாக்பூரிலிருந்து சோல்கர், கல்கத்தாவிலிருந்து பாசு, முகர்ஜி, சோலாப்பூரிலிருந்து துவாரகநாத் கொட்னிஸ் ஆகியோர் உடன் சென்றனர். கொட்னிசுக்கு அப்போது வயது இருபத்தெட்டுக்கூட நிறையவில்லை. ஓராண்டுப் பணி என்பதே ஏற்பாடு.

அந்த ஓராண்டு எவ்வாறு கழிந்தது என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும். அவர்கள் கன்டன் வழியாக ஹான்கோ சென்றடைந்த சில வாரங்களிலேயே அவ்விரு நகரங்களும் யப்பானியர் வசமாயின. பின்வாங்கிய படைகளோடும் அகதிகளோடும் மேற்கு நோக்கிச் சென்று சுங்கிங்கை அடைந்தனர். சீனாவைக் குறிக்கும் ‘ஹுவா’ என்ற சொல்லைத் தத்தமது பெயரோடு இணைத்துக்கொண்டனர். கொட்னிஸ், ‘கே திஹுவா’ ஆனார். தந்தை இறந்த செய்தி சீனாவில்தான் அவரை எட்டியது. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. 1939 பெப்ரவரியில் ஐவரும் யெனான் சேர்ந்தபோது ஓராண்டில் ஏறத்தாழப் பாதி கடந்துவிட்டிருந்தது.

சோல்கரும் முகர்ஜியும் அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினர். அதில் குறைகாண எதுவுமில்லை. கொடுத்த வாக்கை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். எஞ்சிய மூவரும் போர்முனைப் பகுதிக்குப் புறப்பட்டது 1939இன் பிற்பகுதியில்தான். அதாவது, குறித்த ஓராண்டு முடிந்த பிறகே உண்மையான பணிக்களம் கண்ணில் பட்டது! அங்கு சத்திரசிகிச்சை செய்துவந்த கனேடிய வைத்தியர் நோர்மன் பெதூன், சிகிச்சையின்போது விரலில் ஏற்பட்ட காயம் நஞ்சாகி, அவ்வாண்டு நவம்பர் 12ஆந் திகதி மரணமாகியிருந்தார்.

அடல் பின்னர் நாடு திரும்பினார். பாசு யெனானுக்கு மீண்டார். மலைப்பிரதேசத்தில் தங்கிய கொட்னிஸ், 1941 தொடக்கத்தில் பெதூனின் பெயரால் அமைந்த வைத்தியசாலையின் பொறுப்பை ஏற்றார். அடுக்கடுக்காகக் காயமுற்றோர் வந்தபோது எழுபத்திரண்டு மணிநேரம் ஓயாமல் சத்திரசிகிச்சை செய்தார் என்பது அவரைப்பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அவர் சீனமொழியைக் கற்றுக்கொண்டதுதான். காயத்துக்குக் கட்டுப்போடுவதற்குச் சைகை போதும். மாணவருக்குப் பாடம் சொல்ல மொழி வேண்டும். அங்கு பயில்வோருக்காகச் சத்திரசிகிச்சை பற்றிய நூலொன்றையும் எழுதினார். இரண்டாவது நூல் முற்றுப்பெறவில்லை.

1941இன் இறுதியில், தாதியர் கல்வி கற்பித்துவந்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஓகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் இரு எழுத்துக்களைச் சேர்த்து ‘யின்ஹுவா’ என்று பெயரிட்டனர். சில மாதங்களில், டிசம்பர் 9ஆந் திகதி, வலிப்பு நோயினால் கொட்னிஸ் காலமானார். வயது முப்பத்திரண்டு. மகனும் வைத்தியக் கல்வி பயின்றுகொண்டிருந்த வேளையில் 1967இல் இறந்துபோனான். குவோ சிங்லான் 2012 வரை வாழ்ந்தார்.

கொட்னிசின் கதையைக் கே.ஏ. அப்பாஸ் நூலாக எழுதினார். சாந்தாராம் 1946இல் திரைப்படமாக்கித் தாமே கொட்னிசாக நடித்தார். இரு நாடுகளும் முத்திரை வெளியிட்டன. சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போது கொட்னிஸ் குடும்பத்தாரைச் சந்திப்பது வழக்கமாயிற்று. 1962 எல்லைப் போரின் கசப்பை மறைக்க அரசுகளுக்கு இப்படியொரு பெயர் தேவைப்படுகிறது. பத்திரிகைகளாகிய நாங்களும் அந்தந்த வேளையில் படம் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இவ்வாரவாரத்தில் பாசுவை எவரும் நினைப்பதில்லை. ஓராண்டுக்கென்று சென்று, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் தங்கி, 1943இல் உயிரோடு திரும்பியவர் அவர். தம் யெனான் நாட்களை நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். 1950களின் இறுதியில் மீண்டும் சீனாவுக்குச் சென்று அக்குபங்சர் கற்றுவந்து, கல்கத்தாவில் நோயாளரின் உடலில் ஊசி குத்தி வைத்தியம் பார்த்தார். இந்தியாவில் அந்த முறைக்கு வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர்.